வாசகர் கேள்வி – பதில்: பதினாறு புள்ளிக்குள் ஒரு நெற்கதிர்

சென்ற இதழில், மேசைத்திரையில் இருக்கும் ஒரு குறுவழியின் (ஷோர்ட்கட்) ஐகனை எப்படி மாற்றுவது என்று ஒரேயொரு பத்தி எழுதியிருந்தேன். அந்தப் பத்தி இத்தனை கடிதங்களைக் கொண்டுவரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. மாற்றுவதற்குரிய ஐகனை நாமே வரைந்து சேமிப்பது எப்படி என்பதையே பெரும்பாலானவர்கள் வெவ்வேறு வாசலால் வந்து கேட்டிருப்பதால், இம்முறை இந்தப் பக்கங்கள் முழுவதையும் அதற்கே ஒதுக்கிவிட்டேன். பாடநூல்களில் படவுரு, நிலைகாட்டி என்ற சொற்கள் இருந்தாலும் கடைகளிலும் ஆய்வுகூடங்களிலும் வாயில் வருவது ஐகன், கர்சர் என்பனவே என்பதால் நானும் அவற்றையே கையாள்கிறேன்.

கேள்வி: கிளிநொச்சியில் பெயர்ப்பலகைகளும் பதாகைகளும் அச்சிடும் கடையொன்றில் வடிவமைப்பாளராக வேலை செய்கிறேன். கமக்கார அமைப்பு ஒன்று, தங்கள் கணக்கு மென்பொருளின் குறுவழிக்குத் தங்கள் இலச்சினையையே ஐகனாக வைத்துத் தருமாறு கேட்டிருக்கிறது. போட்டோசொப்பின் 'சேவ் அஸ்' பட்டியலில், ஐகன் கோப்புக்குரிய ஐசிஓ என்ற வகையே இல்லை. ஆகவே பிஎன்ஜி ஆகச் சேமித்துவிட்டு, கோப்பின் பெயரில் கடைசி மூன்று எழுத்துகளை மட்டும் ஐசிஓ என்று மாற்றினேன். 'இந்தக் கோப்பில் ஐகன் எதுவும் இல்லை' என்று விண்டோஸ் சொல்கிறது. எங்கே பிழை விட்டேன்?

பதில்: பெயரை மாற்றியதில்தான். சிவப்பு நாட்டரிசி மூட்டையின் மேல் சம்பா என்று எழுதி ஒட்டிய கதைதான் இது. விண்டோஸ் மூட்டையை அவிழ்த்துப் பார்த்துவிட்டது. இணைய உலாவிகள் இந்த விடயத்தில் சற்றுத் தாராளமானவை. அவை கோப்பின் பெயரை நம்பாமல் உள்ளடக்கத்தின் தொடக்கத்தைப் பார்த்து, 'இது பிஎன்ஜி' என்று கண்டுகொண்டு, படத்தைக் காட்டிவிடும். பெயரை மாற்றினாலே போதும் என்ற எண்ணம் பலரிடம் பரவியதற்கு இதுவே காரணமாக இருக்க வேண்டும்.

ஐகன் கோப்பு என்பது ஒரு படம் அன்று. பல படங்களை ஒன்றாக அடுக்கி வைக்கும் ஒரு பெட்டி. அதன் முதல் 6 பைற்றுகள் தலைப்பு. அந்த ஆறில் முதல் இரண்டும் எப்போதும் பூச்சியம், அடுத்த இரண்டும் இது ஐகனா கர்சரா என்பதைச் சொல்பவை (ஐகனுக்கு 1, கர்சருக்கு 2), கடைசி இரண்டும் பெட்டிக்குள் எத்தனை படங்கள் உள்ளன என்பதைச் சொல்பவை. அதன் பின் ஒவ்வொரு படத்துக்கும் 16 பைற்று நீளமான ஒரு பதிவு வரும்; அகலம், உயரம், நிற ஆழம் (ஒரு புள்ளியின் நிறத்துக்கு எத்தனை பிற்), படத்தின் தரவு எத்தனை பைற்று, அது கோப்பில் எந்த இடத்தில் தொடங்குகிறது என்பன அதில் இருக்கும். அகலத்துக்கு ஒரு பைற்று மட்டுமே ஒதுக்கப்பட்டிருப்பதால் 255 வரைதான் எழுத முடியும் என்று நீங்கள் கேட்கலாம். பூச்சியம் என்று எழுதினால் 256 என்று கொள்ள வேண்டும் என்பது ஏற்பாடு. உங்கள் பிஎன்ஜி கோப்பில் இந்தத் தலைப்பும் இல்லை, பதிவும் இல்லை.

கணக்குப் பார்க்க விருப்பமுள்ளவர்களுக்கு ஒரு சுவையான சோதனை சொல்கிறேன். ஒரு பக்கம் 32 புள்ளி (பிக்சல்) கொண்ட முழுநிற ஐகன் ஒன்றை மட்டும் சுருக்காமல் சேமித்தால், கோப்பின் அளவு சரியாக 4,286 பைற்று வரும்: புள்ளிகளுக்கு 4,096, ஒளிபுகும் இடங்களைக் குறிக்கும் மறைப்புப் படத்துக்கு 128, படத்தின் சொந்தத் தலைப்புக்கு 40, பெட்டியின் தலைப்புக்கும் பதிவுக்கும் 22. ஒரு பக்கம் 16 புள்ளி என்றால் 1,150 பைற்று. கிடைத்த ஐகன் ஒன்றின் அளவு இப்படி 1,150 என்று இருந்தால், அதனுள் ஒரேயொரு சிறு படம்தான் இருக்கிறது என்பதைத் திறந்து பார்க்காமலே பெரும்பாலும் சொல்லிவிடலாம்.

இனி உங்கள் போட்டோசொப்புக்கு வருவோம். போட்டோசொப் ஐசிஓ வகையைத் தானாகத் திறப்பதுமில்லை, சேமிப்பதுமில்லை. அதற்கென டெலிகிராபிக்ஸ் என்ற தளம் நெடுங்காலமாக இலவசச் செருகி (மென்பொருளுக்குப் புதிய வசதி சேர்க்கும் துணை நிரல்) ஒன்றை வழங்கி வருகிறது. உங்கள் போட்டோசொப் 64 பிற் என்றால் செருகியும் 64 பிற்றாகவே இருக்க வேண்டும். அந்தச் சிறிய கோப்பைப் போட்டோசொப்பின் 'பிளக்-இன்ஸ்' கோப்புறையினுள் வைத்து, மென்பொருளை மூடித் திறக்க வேண்டும்.

அதன் பின்னும் உங்களுக்குப் பட்டியலில் ஐசிஓ தெரியாமல் போகக்கூடும் என்று நினைக்கிறேன், ஏனென்றால் நீங்கள் அச்சுக்கடைக்காரர். பதாகைக்காகச் செய்த கோப்பு அச்சுக்குரிய சிஎம்வைகே நிறமுறையில், பல அடி அகலத்தில் இருக்கும். செருகியோ, படம் ஆர்ஜிபி போன்ற திரைக்குரிய நிறமுறையில் இருக்கிறதா, ஒரு நிறச் சனலுக்கு 8 பிற் தானா, எந்தப் பக்கமும் 256 புள்ளியைத் தாண்டவில்லையா என்று பார்த்துத்தான் தன்னைப் பட்டியலில் காட்டிக்கொள்ளும். எனவே மூலக்கோப்பில் கைவைக்காமல் பிரதி ஒன்றை எடுத்து, நிறமுறையை மாற்றி, சதுரமாக வெட்டி, 256 புள்ளிக்குக் குறைத்த பின் சேமியுங்கள். 'சேவ் ஃபோர் வெப்' வழியாகத் தேடினால் ஐசிஓ ஒருபோதும் கிடைக்காது. 2021 இற்குப் பிந்திய பதிப்புகளில், லேயர்களை (ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும் படலங்களை) தாங்காத வகைகள் 'சேவ் அஸ்' பட்டியலிலிருந்து எடுக்கப்பட்டு 'சேவ் எ கொப்பி' என்பதன் கீழ் வைக்கப்பட்டுள்ளன. அங்கேயும் ஒருமுறை பாருங்கள்.

இவ்வளவும் செய்தாலும் அந்தச் செருகி ஒரு கோப்பில் ஒரு அளவைத்தான் சேமிக்கும். விண்டோஸுக்கோ 16, 32, 48, 256 என்று குறைந்தது நான்கு அளவுகள் தேவை. ஆகவே என் யோசனை, உங்களுக்குப் பழகிய போட்டோசொப்பில் வரையுங்கள், நான்கு பிஎன்ஜி கோப்புகளாகச் சேமியுங்கள், பெட்டியில் அடுக்கும் வேலையை மட்டும் கிம்ப் என்ற இலவசப் பட மென்பொருளிடம் கொடுங்கள். அது எப்படி என்பது அடுத்த கடிதத்துக்கான பதிலில் வருகிறது.

கேள்வி: முள்ளியவளையில் தகவல் தொடர்பாடல் தொழினுட்பம் கற்பிக்கும் ஆசிரியை நான். எங்கள் ஆய்வுகூடக் கணினிகள் பழையவை. சிலவற்றில் இன்னமும் விண்டோஸ் எக்ஸ்பி இருக்கிறது. கிம்ப் மட்டுமே உண்டு. மாணவர்கள் வரைந்த ஐகன்கள் பெரிதாகப் பார்க்கும்போது அழகாக இருக்கின்றன, கோப்புப் பட்டியலில் சிறிதாக வரும்போது சேறு அப்பியதுபோல் ஆகிவிடுகின்றன. சில கணினிகளில் ஐகன் திறக்கவே மறுக்கிறது. என்ன செய்யலாம்?

பதில்: இந்த இதழுக்கு வந்தவற்றுள் எனக்கு மிகவும் பிடித்த கடிதம் உங்களுடையது, ஏனென்றால் விடயத்தின் உயிர்நிலை இதில்தான் இருக்கிறது.

முதலில் சேமிக்கும் முறை. கிம்ப்புக்குத் தனியாக எதையும் தேடிப் போக வேண்டியதில்லை. ஐசிஓ செருகி அதனுடனேயே வருகிறது. கிம்ப்பில் ஒவ்வொரு லேயரும் பெட்டிக்குள் ஒரு படமாகும். 256 புள்ளிச் சதுரமாக ஒரு படத்தைத் திறந்து, அந்த லேயரைப் பிரதி செய்து, 'ஸ்கேல் லேயர்' கொண்டு ஒன்றை 48 ஆகவும் ஒன்றை 32 ஆகவும் ஒன்றை 16 ஆகவும் குறையுங்கள். முழுப் படத்தின் அளவையன்றி லேயரின் அளவை மட்டும் குறைப்பது முக்கியம். பிறகு 'எக்ஸ்போர்ட் அஸ்' சென்று கோப்பின் பெயரை ஐசிஓ என்று முடித்தால், நான்கு படங்களும் வரிசையாக நிற்கும் ஒரு சாளரம் திறக்கும். ஒவ்வொன்றுக்கும் எத்தனை பிற் நிறம் வேண்டும், பிஎன்ஜி ஆகச் சுருக்க வேண்டுமா என்று அங்கே கேட்கும்.

உங்கள் எக்ஸ்பி கணினிகள் மறுத்ததற்குக் காரணம் அந்தக் கடைசிக் கேள்வியாகத்தான் இருக்கும். ஐகனுக்குள் பிஎன்ஜி சுருக்கத்தை வைக்கும் முறை விண்டோஸ் விஸ்ராவுடன்தான் வந்தது. அதற்கு முந்தியவற்றுக்கு அது விளங்காது. ஒரு பக்கம் 256 புள்ளியான படம் சுருக்காவிட்டால் 2,62,144 பைற்று இடத்தைப் புள்ளிகளுக்கு மட்டுமே பிடிக்கும் என்பதால் அதைச் சுருக்குவதில் அர்த்தம் உண்டு. சிறிய மூன்றையும் சுருக்குவதால் மிஞ்சுவது ஒன்றுமில்லை, விட்டுவிடுங்கள். எக்ஸ்பி கணினிகளுக்கென்றே செய்யும் கோப்பில் 256 புள்ளிப் படத்தைச் சேர்க்காமலே விடலாம்.

இனிச் சேறு அப்பும் பிரச்சினை. 256 புள்ளிச் சதுரத்தில் 65,536 புள்ளிகள். 16 புள்ளிச் சதுரத்தில் 256. அதாவது பெரிய படத்தின் 256 புள்ளிகளை நசித்து ஒரு புள்ளியாக்கும்படி கணினியிடம் கேட்கிறோம். அது சராசரி நிறத்தை எடுத்து அப்பிவிடுகிறது. இதை எந்தச் செருகியாலும் தீர்க்க முடியாது. சின்னப் படத்தைச் சின்னதாகவே புதிதாக வரைய வேண்டும்.

முதற் கடிதத்துக் கமக்கார அமைப்பின் இலச்சினையை எனக்கும் அனுப்பியிருந்தார்கள். அதையே உதாரணமாகக் கொள்வோம். வட்டமாக அமைப்பின் பெயர், நடுவே குளக்கட்டும் துருசும், பின்னால் சூரியன், ஓரத்தில் உழவு இயந்திரம், முன்னால் நெற்கதிர். பெயர்ப்பலகைக்கு அது நல்ல இலச்சினை. 48 புள்ளியில் எழுத்துகள் போய்விடும். 32 இல் உழவு இயந்திரமும் துருசும் போய்விடும். 16 இல் கதிர் ஒன்றை மட்டுமே காப்பாற்றலாம், அதுவும் நாம் மெனக்கெட்டால். அமைப்பின் தலைவருக்கு உழவு இயந்திரத்தை எடுத்ததில் வருத்தம் இருக்கத்தான் செய்யும்.

கணினியைத் திறக்குமுன் மாணவர்களிடம் கணிதப் பாடத்துக்குரிய சதுரக்கோட்டுக் கொப்பியைக் கொண்டுவரச் சொல்லுங்கள். பக்கத்துக்குப் பதினாறு கட்டங்களாக ஒரு சதுரத்தை எல்லையிட்டுப் பென்சிலால் கட்டங்களை நிரப்பச் சொல்லுங்கள். 1984 இல் வெளிவந்த மக்கின்ரோஷ் கணினிக்கு ஐகன் வரைந்த சூசன் கேர் அம்மையாரும் சதுரக் கட்டத் தாளில்தான் தொடங்கினார். ஐகனுக்கு 32 கட்டம், மொத்தம் 1,024 கட்டங்கள், கறுப்பும் வெள்ளையும் மட்டும். அவர் பின்னர் விண்டோஸ் 3.0 இற்கும் வரைந்தார்.

எங்கள் கதிர் இப்படி வந்தது. பின்னணி கரும்பச்சைச் சதுரம், நான்கு மூலைகளிலும் ஒவ்வொரு புள்ளி நீக்கப்பட்டது. கீழிருந்து ஒரு புள்ளித் தடிப்பில் தண்டு நேராக ஏறி, கடைசி நான்கு புள்ளிகளில் வலப்பக்கம் சாய்கிறது; முற்றிய கதிர் நிமிர்ந்து நிற்பதில்லை அல்லவா? நெல்மணி ஒன்றுக்குச் சரிவாக இரண்டு புள்ளிகள். இடப்பக்கம் மூன்று மணிகள், வலப்பக்கம் மூன்று மணிகள். மணிக்கும் மணிக்கும் நடுவே கட்டாயம் ஒரு புள்ளி வெற்றிடம். முதல் முறை வரைந்தபோது இந்த வெற்றிடத்தை விடவில்லை. அது கதிராகத் தெரியாமல் மஞ்சள் வௌவால்போல் தெரிந்தது. மணியின் மேற்புள்ளிக்கு இளமஞ்சளும் கீழ்ப்புள்ளிக்குச் சற்றுக் கருத்த பொன்னிறமும் கொடுத்தவுடன் கதிருக்கு உருட்சி வந்துவிட்டது. மொத்தம் மூன்று நிறங்கள், பின்னணியுடன் நான்கு.

கிம்ப்பில் இதை வரையும்போது 800 வீதமாவது பெருப்பித்து, 'ஷோ கிரிட்' இட்டு, 'பென்சில்' கருவியை மட்டும் பயன்படுத்துங்கள். 'பெயின்ற்பிரஷ்' விளிம்புகளை மென்மையாக்கிப் பக்கத்துப் புள்ளிகளையும் கறையாக்கிவிடும். இடையிடையே 100 வீதத்துக்கு வந்து, கதிரையைச் சற்றுப் பின்னுக்குத் தள்ளியிருந்து பாருங்கள்.

கேள்வி: வவுனியாவில் புகைப்பட நிலையம் வைத்திருக்கிறேன். எங்கள் நிலையத்தின் வட்ட முத்திரையைப் பின்னணி இல்லாமல் ஐகனாக்கினேன். கறுப்பு மேசைத்திரையில் அதைச் சுற்றி வெள்ளைப் பிசிறு தெரிகிறது. ஒரு கணினியில் பின்னணி முழுக் கறுப்பாகவே வருகிறது.

பதில்: இரண்டு வெவ்வேறு நோய்கள். வெள்ளைப் பிசிறு, நீங்கள் முத்திரையை வெள்ளைத் தாளின் மேல் வைத்து வெட்டியதால் வந்தது. வட்டத்தின் விளிம்புப் புள்ளிகள் ஏற்கனவே பாதி வெள்ளையுடன் கலந்துவிட்டன. பின்னணியை அழித்தாலும் அந்தக் கலப்பு போகாது. மூலக்கோப்பில் வெள்ளை லேயரை அணைத்துவிட்டு மீண்டும் வெட்டுங்கள். மூலக்கோப்பு இல்லையென்றால் தெரிவை ஒரு புள்ளி உள்ளே சுருக்கி வெட்டினால் பெரும்பகுதி மறையும்.

கறுப்புப் பின்னணி, நிற ஆழத்துடன் தொடர்புடையது. ஐகனில் ஒளிபுகுதலைச் சொல்ல இரு வழிகள் உண்டு. பழைய வழி ஒரு பிற் மறைப்புப் படம். அதில் ஒரு புள்ளி ஒன்றில் தெரியும், அல்லது தெரியாது, இடைநிலை இல்லை. புதிய வழி 2001 இல் விண்டோஸ் எக்ஸ்பியுடன் வந்த 32 பிற் முறை. அதில் ஒவ்வொரு புள்ளிக்கும் 256 படிகளில் ஒளிபுகுதலைச் சொல்லும் அல்பா சனல் உண்டு. பின்னணி கறுப்பாக வரும் கோப்பு அல்பா சனலை இழந்து 24 பிற் ஆகச் சேமிக்கப்பட்டிருக்க வேண்டும். கிம்ப்பில் '32 பிற், 8 பிற் அல்பா' என்பதைத் தெரிவு செய்து மறுபடி சேமியுங்கள். போட்டோசொப் செருகியைப் பயன்படுத்துவதாயின், ஒளிபுகும் பகுதியைச் 'சனல்ஸ்' பலகையில் ஓர் அல்பா சனலாகச் சேமித்து வைத்த பின் ஐசிஓ ஆக்குவது பாதுகாப்பானது.

கேள்வி: புதுக்குடியிருப்பைச் சேர்ந்த உயர்தர மாணவன் நான். சிறுவர்களுக்கான எழுத்துப் பயிற்சி மென்பொருள் ஒன்று செய்கிறேன். அம்புக்குறிக்குப் பதிலாகப் பேனா வடிவில் கர்சர் வரைந்தேன். பேனாவின் நுனி இடப்பக்கம் கீழே இருக்கிறது. நுனியை ஒரு பொத்தானின் மேல் வைத்து அழுத்தினால் அதற்கு மேலே உள்ள பொத்தான் வேலை செய்கிறது. நிரலில் பிழையா, படத்தில் பிழையா?

பதில்: இரண்டிலும் இல்லை, சேமித்த விதத்தில். தம்பி, கர்சரில் 32 புள்ளி அகலத்துக்குப் படம் இருந்தாலும், சுட்டியை அழுத்தும்போது கணினி கணக்கில் எடுப்பது அதில் ஒரேயொரு புள்ளியைத்தான். 'ஹொட்ஸ்பொட்' எனப்படும் அந்தச் சுட்டுப்புள்ளி எது என்று கோப்பிலேயே எழுதப்பட்டிருக்கும். மேல் இடது மூலையை 0, 0 என்று கொண்டு, வலப்பக்கமாக எத்தனை, கீழ்ப்பக்கமாக எத்தனை என்று எண்ண வேண்டும். விண்டோஸின் சாதாரண அம்பின் நுனி அந்த மூலையிலேயே இருப்பதால், எதையும் குறிப்பிடாமல் விட்டாலும் அதற்கு ஒன்றும் ஆகாது. உங்கள் பேனாவின் நுனியோ, நீங்கள் அனுப்பிய படத்தில் எண்ணிப் பார்த்தேன், இடமிருந்து 2, மேலிருந்து 29 ஆவது புள்ளியில் இருக்கிறது. சுட்டுப்புள்ளி 0, 0 ஆகவே இருந்துவிட்டதால், சிறுவர்கள் நுனியால் தொட்டதாக நினைக்கும் இடத்துக்கு 29 புள்ளி மேலே சொடுக்கு விழுகிறது.

ஐகன் கோப்புக்கும் கர்சர் கோப்புக்கும் உள்ள வேறுபாடும் இவ்வளவுதான். தலைப்பில் 1 இற்குப் பதிலாக 2. ஒவ்வொரு படத்தின் பதிவிலும், ஐகனில் நிறத்தளமும் நிற ஆழமும் எழுதப்படும் நான்கு பைற்றுகளில், கர்சருக்குச் சுட்டுப்புள்ளியின் இரண்டு எண்கள். இதைத் தெரிந்துகொண்ட சில கெட்டிக்காரர்கள், வகை எண்ணை மட்டும் கையால் 2 ஆக மாற்றிவிட்டு மகிழ்வதுண்டு. வழக்கமான 32 பிற் ஐகனில் அந்த இடத்தில் 1, 32 என்று இருக்கும். 0 முதல் 31 வரை மட்டுமே எண்ணும் படத்தில் 32 என்பது படத்துக்கு வெளியே உள்ள இடம்.

உங்களுக்கு இரண்டு வழிகள் உண்டு. 2025 மார்ச்சில் வந்த கிம்ப் 3.0 இல், கர்சர் கோப்புக்குரிய சியுஆர் வகையைச் சேமிக்கும் வசதி உண்டு. சேமிக்கும் சாளரத்தில் சுட்டுப்புள்ளியின் இரு எண்களையும் கேட்கும். 2, 29 என்று கொடுங்கள். விண்டோஸில் பெயின்ற் டொட் நெற் என்ற பட மென்பொருளைப் பாவிப்பவர்களுக்கு ஐகன், கர்சர், அசையும் கர்சர் மூன்றையும் சேமிக்கும் இலவசச் செருகி ஒன்று கிடைக்கிறது. ஒரே கோப்பில் 48, 64 புள்ளி அளவுகளையும் சேர்ப்பதாயின், சுட்டுப்புள்ளியையும் அதே விகிதத்தில் கூட்டிக் கொடுக்க வேண்டும். 64 புள்ளிப் படத்துக்கு 2, 29 என்று விட்டால் பேனாவின் நுனிக்கு வெகு மேலே சொடுக்கு விழும்.

பின்னர் குறிவட்டமோ கூட்டல் குறியோ கர்சராக வரைய நேர்ந்தால், 32 புள்ளிக்குள் 31 புள்ளி அகலத்தில் வரையுங்கள். ஒற்றை எண்ணுக்குத்தான் சரியான நடு உண்டு: 15, 15. கடிதத்தின் அடியில், பேனாவை அசைய வைக்க முடியுமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். முடியும், ஏஎன்ஐ வகை அதற்குத்தான். ஒவ்வொரு லேயரும் ஒரு சட்டகமாகும். ஒரு சட்டகம் எவ்வளவு நேரம் நிற்க வேண்டும் என்பது ஒரு செக்கனின் 60 இல் ஒரு பங்கை அலகாகக் கொண்டு எழுதப்படும். 10 என்று கொடுத்தால் செக்கனுக்கு ஆறு சட்டகங்கள். எழுதப் பழகும் பிள்ளையின் கண்முன்னே பேனா தானாக ஆடிக்கொண்டிருப்பது நல்லதா என்று மட்டும் ஒருமுறை யோசியுங்கள்.

கேள்வி: மல்லாவியிலிருந்து எழுதுகிறேன். பெயின்ற் டொட் நெற்றுக்கான ஐகன் செருகியைத் தரவிறக்கி, சொன்னபடி வைத்தேன். பட்டியலில் வரவில்லை.

பதில்: சுருக்கக் கோப்பை அப்படியே வைத்தீர்களா, விரித்து உள்ளே இருந்த டிஎல்எல் கோப்பை வைத்தீர்களா என்று முதலில் பாருங்கள். அது 'எபெக்ற்ஸ்' கோப்புறைக்குள் அன்றி 'பைல்ரைப்ஸ்' கோப்புறைக்குள் இருக்க வேண்டும். மைக்ரோசொவ்ற் ஸ்ரோர் வழியாக நிறுவியவர்களுக்கு அந்தக் கோப்புறை புறோகிராம் பைல்ஸில் இராது, 'டொக்கியுமென்ற்ஸ்' உள்ளே இருக்கும். இணையத்திலிருந்து வந்த கோப்பு என்று விண்டோஸ் அதைத் தடுத்து வைத்திருந்தால், வலச்சொடுக்கில் 'புறொப்பர்ட்டீஸ்' திறந்து 'அன்புளொக்' என்பதை இடுங்கள். பின்னர் மென்பொருளை மூடித் திறக்க மறக்க வேண்டாம்.

கேள்வி: செருகிகளைத் தேடினால் நூறு தளங்கள் வருகின்றன. படத்தைக் கொடுத்தால் ஐகனாக்கித் தரும் தளங்களும் உள்ளன. எதை நம்பலாம்? – மாங்குளம் வாசகி

பதில்: செருகியை அதைச் செய்தவரின் சொந்தத் தளத்திலிருந்தோ மென்பொருளின் உத்தியோகபூர்வ இடத்திலிருந்தோ மட்டும் எடுங்கள். இதை நான் பட்டறிவால் சொல்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன், அவசரத்தில், தேடலில் முதலாவதாக வந்த ஏதோவொரு தளத்திலிருந்து ஐகன் செருகி என்று ஒன்றை எடுத்து நிறுவினேன். அது நிறுவும்போதே கூடவே மூன்று மென்பொருள்களைக் கொண்டுவந்தது. மறுநாள் காலை, வாடிக்கையாளர் ஒருவரின் பென்றைவில் இருந்த பூப்புனித நீராட்டுவிழாப் படங்கள் முழுவதும் மறைந்து, அவற்றின் இடத்தில் குறுவழிகள் மட்டும் இருந்தன. படங்கள் அழியவில்லை, மறைக்கப்பட்டிருந்தன, மீட்டுக் கொடுத்தேன். ஆனால் அந்த இரண்டு மணித்தியாலம் அந்தத் தாயார் கடை வாங்கில் பேசாமல் இருந்த இருப்பு இன்னும் மனத்தில் நிற்கிறது. செருகி என்பது வெறும் படக்கோப்பு அல்ல, ஓடும் நிரல்; அது கேட்டால் உங்கள் கணினி எதையும் கொடுக்கும்.

மாற்றித் தரும் தளங்களில் இந்த ஆபத்துக் குறைவு. பொதுவில் வைக்கக்கூடிய இலச்சினை என்றால் பயன்படுத்தலாம், வெளிவராத வடிவமைப்பைக் கொடுக்க வேண்டாம். அவையும் பெரிய படத்தைச் சுருக்கித்தான் 16 புள்ளி ஆக்குகின்றன என்பதால், மேலே ஆசிரியைக்குச் சொன்ன சேறு அங்கேயும் உண்டு.

கேள்வி: மன்னாரில் எங்கள் கடற்றொழிலாளர் சங்கத்தின் இணையத்தளத்துக்குப் புதிய ஐகன் ஏற்றினேன். உலாவியின் தாவலில் பழையதே தெரிகிறது.

பதில்: கோப்பில் பிழை இல்லை. உலாவிகள் தள ஐகனைத் தனியே சேமித்து வைத்து நெடுநாள் பாவிக்கும். அந்த ஐகன் கோப்பின் முகவரியை நேரடியாகத் தட்டித் திறந்து, பக்கத்தைப் புதுப்பியுங்கள்; பெரும்பாலும் மாறிவிடும். 1999 இல் இன்ரநெற் எக்ஸ்புளோரர் 5 இந்த வழக்கத்தைத் தொடங்கியபோது ஐசிஓ மட்டுமே ஏற்கப்பட்டது. இன்றைய உலாவிகள் பிஎன்ஜி கோப்பையும் ஏற்கும்.

கேள்வி: எங்கள் நூலகக் கணினியில் விண்டோஸ் அன்றி உபுண்டு இயங்குதளம் இருக்கிறது. அதற்கும் ஐசிஓ, சியுஆர் தானா? – நெடுங்கேணி

பதில்: இல்லை. குறுவழி ஐகனுக்குப் பிஎன்ஜி அல்லது எஸ்விஜி நேரடியாகவே போதும். கர்சருக்கு வேறு வகை உண்டு. கிம்ப்பில் கோப்பின் பெயரை எக்ஸ்எம்சி என்று முடித்துச் சேமித்தால், அங்கேயும் சுட்டுப்புள்ளியைக் கேட்டு அந்த வகையில் எழுதிக் கொடுக்கும். பின்னர் அந்த வால்பெயரை நீக்கிவிட்டு, கர்சர் தொகுதிக்குரிய கோப்புறையில் உரிய பெயருடன் வைக்க வேண்டும்.

கேள்வி: ஒட்டுசுட்டானில் எங்கள் கடையின் பெயர் 'ஐ' எழுத்தில் தொடங்குகிறது. படம் எதுவும் வேண்டாம், அந்த எழுத்தையே ஐகனாக வைக்க விரும்புகிறேன். 16 புள்ளியில் வாசிக்க முடியுமா?

பதில்: தமிழ் எழுத்துகளிலேயே மிகக் கடினமானவற்றுள் ஒன்றைப் பிடித்திருக்கிறீர்கள். 'ப', 'ட', 'ம' போன்றவற்றில் நேர்கோடுகள் அதிகம். 'ப' எழுத்துக்கு ஏழு புள்ளிச் சதுரமே தாராளம். 'ஐ' இல் மேலே ஒரு சுழி, நடுவே வளைவு, கீழே இறங்கும் வால் என்று உள்வெளிகள் பல. உள்ளே இருக்கும் ஒவ்வொரு வெளிக்கும் குறைந்தது இரண்டு புள்ளியும், அதைச் சுற்றும் கோட்டுக்கு ஒவ்வொரு புள்ளியும் வேண்டும் என்று வைத்து நான் கொப்பியில் வரைந்து பார்த்தேன். ஓரத்தில் ஒரு புள்ளிகூட விடாமல் பதினாறு கட்டத்தையும் எழுத்துக்கே கொடுத்தால் ஒருவாறு அடங்குகிறது. எழுத்துருவிலிருந்து தட்டச்சிட்டுக் குறைத்தால் அடங்காது, சுழிகள் அடைபட்டுவிடும். ஆகவே 256, 48, 32 அளவுகளில் எழுத்துருவையே பயன்படுத்துங்கள். 16 புள்ளி லேயரில் மட்டும், வெள்ளைப் பின்னணியில் அடர்ந்த ஒரே நிறத்தில், ஒரு புள்ளித் தடிப்பில் கையால் வரையுங்கள். நான் வரைந்த கட்டத்தாளின் பிரதியைத் தபாலில் சேர்த்திருக்கிறேன். அதன்படி புள்ளி புள்ளியாக வைத்துவிட்டு, வால் எங்கே முட்டுகிறது என்று எனக்கு எழுதுங்கள்.